டிராயருக்குள் ஒரு மவுஸ்

சிலாஸ் தொட்டது விஜயவாடாவை. திறந்தது விசாகப்பட்டினம்.

விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மறுபடி தொட்டார். இந்த முறை ஊர்ப் பெயர்கள் எல்லாம் வீங்கிப் பெருத்து, ஒரே ஒரு ஆங்கில எழுத்து மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் திரையில் வந்து நின்றது. அதைச் சின்னதாக்க இரண்டு விரல்களை வைத்துக் கிள்ளினார். பட்டியல் முழுவதும் மேலே ஓடி எங்கோ ஒளிந்துகொண்டது.

"என்னாச்சு சிலாஸ்?" பக்கத்து மேஜை ஃபெலிக்ஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"விஜயவாடாவக் காணோம்பா."

"எனக்குக் காலைலேர்ந்து கரீம்நகரக் காணோம்," என்றார் ஃபெலிக்ஸ். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதால் இருவரும் சிரிக்கவில்லை.

நாச்சாரத்தில் குக்கருக்கும் பம்புக்கும் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனி அது. சரக்கு அனுப்பும் பிரிவில் சிலாஸுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு டிஸ்பாட்ச் சீட்டை நாற்பது வினாடியில் போடுவார். கண் ஒரு பக்கம் ஆர்டர் புத்தகத்தைப் பார்க்கும், இடது கை கீபோர்டில் ஓடும், வலது கை மவுஸைத் தடவும், வாய் ஃபெலிக்ஸோடு கிரிக்கெட் பேசும். அப்பேர்ப்பட்ட மனுஷர், போன திங்கட்கிழமையிலிருந்து ஒரு சீட்டுக்குப் பதினைந்து நிமிஷம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் முதலாளியின் மகன் ஆதர்ஷ் செய்த வேலை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பையன். திங்கள் காலை பதினோரு மேஜையிலும் புதுத் திரைகளை வைத்துவிட்டு, அட்டெண்டர் ராகவேந்திராவை ஒரு கோணிப்பையோடு கூட்டிக்கொண்டு வரிசையாக வந்தான். கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் பைக்குள் போடச் சொன்னான். ஒரு மாதத்துக்கு விரல் மட்டும்தான் என்றான். சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது. விவரம் எல்லாம் மெயிலில் எழுதியிருப்பதாகவும், கட்டாயம் படிக்கும்படியும் கேட்டுக்கொண்டான்.

சிலாஸ் அந்த மெயிலைத் திறக்கத் தொட்டார். அது அழிந்துபோனது. ஃபெலிக்ஸ் தொட்டபோது அது யாருக்கோ ஃபார்வர்டு ஆனது. மற்றவர்களும் வாயைத் திறக்காததால், அவர்கள் கதியும் இதுதான் என்று தெரிந்தது.

கோணிப்பை தன் மேஜைக்கு வந்தபோது சிலாஸ் ஒரு காரியம் செய்தார். அலமாரியில் கிடந்த ஓட்டை மவுஸ் ஒன்றைப் பைக்குள் போட்டுவிட்டு, தன் சொந்த மவுஸை டிபன் பைக்குள் தள்ளிவிட்டார். அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. பல வருஷம் கைக்குள் இருந்ததைக் கோணியில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

விஜயவாடா காணாமல்போன அன்று சாயங்கால டீயோடு ராகவேந்திரா சேதி கொண்டுவந்தார். ஓசூர்க்காரர், தெலுங்கு பேசுகிற இந்த ஊரில் சிலாஸோடும் ஃபெலிக்ஸோடும் தமிழ் பேசுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"சின்னவர் மேஜை மேல ஒரு பேப்பர் பாத்தேன் சார். லிஸ்ட்டு. மாசக் கடைசில ஹைடெக் சிட்டிலேர்ந்து ஒரு மேடம் வருவாங்களாம். டச் வராதவங்க பேரெல்லாம் அதுல எழுதுவாங்களாம்."

"எழுதி?"

"எழுதி என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது சார்."

சிலாஸுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பேக்கிங் மெஷின் வந்தபோதும் இப்படித்தான் ஒரு லிஸ்ட் போட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ஆறு பெயர். அடுத்த திங்கட்கிழமை அந்த ஆறு பேரின் டிபன் கேரியர்களும் ஷெல்ஃபில் இல்லை. சிலாஸுக்கு வயது ஐம்பத்துமூன்று. ரிட்டயர் ஆக ஐந்து வருஷம் இருக்கிறது. மகள் அபிகாயில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். டீயைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

*

லாலாகுடாவில் வீடு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் வாங்கியது. அன்று ராத்திரி சாப்பாட்டில் சிலாஸால் ரசத்துக் கரண்டியைத் தூக்க முடியவில்லை. நாள் முழுக்கக் கையை நீட்டி நீட்டித் தோள்பட்டை கழன்றுவிட்டது போலிருந்தது. மனைவி ஜூடித் தைலம் தேய்த்தாள்.

"டாடி, ஃபோன் யூஸ் பண்றீங்க கதா? சேம் திங்," என்றாள் அபிகாயில், தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து.

"ஃபோன் கைக்குள்ள அடங்குது. இது ஹெட்மாஸ்டர் மாதிரி எதுக்க நிக்குது. எட்டித் தொடணும். தொட்டா எது தொறக்கும்னு அதுக்கே தெரியல," என்றார் சிலாஸ். பிறகு லிஸ்ட் விஷயத்தைச் சொன்னார்.

ஜூடித் தைலக் கையைத் துடைத்தாள். "எதுக்குப் பயப்படறீங்க? வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்புல சொல்லிடலாம்."

"ஆபீஸ் விஷயத்த எல்லார் முன்னாடியும் நக்கோ ஜூடி."

ஜூடித் வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில், பாஸ்டர் குறிப்புகள் கேட்டதும் முதலில் எழுந்தது அவள்தான். "இவரு ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் போடறாங்க. அதுல இவர் பேர் வரக் கூடாது. அதுக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும்."

பதினைந்து பேர் ஒரே நேரத்தில் குரலெடுத்து ஜெபித்தார்கள். எண்பது வயது ஆரோன் அங்கிள் மட்டும், பரலோகத்து ஜீவபுஸ்தகத்தில் பெயர் எழுதக் கேட்கிற பழக்கதோஷத்தில், "கர்த்தாவே, சிலாஸ் தம்பியின் பெயர் அந்தப் பட்டியலில் தவறாமல் எழுதப்படுவதாக," என்று கண்ணீர் மல்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூடித் பதறிக் கண்ணைத் திறந்தாள். "எழுதப்படக் கூடாது அங்கிள். கூடாது."

"அப்படியா? எழுதறதுதானே நல்லது?" என்று கேட்டுவிட்டு, மனமில்லாமல் மாற்றி ஜெபித்தார் ஆரோன் அங்கிள்.

*

அடுத்த திங்கட்கிழமை சிலாஸ் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸ் போனார். மவுஸின் வயரைத் திரையின் பின்பக்கம் செருகி, மேஜைக்குப் பின்னால் இறக்கி, வலப்பக்க டிராயருக்குள் கொண்டுவந்தார். டிராயரைக் கால்வாசி திறந்து கையை உள்ளே விட்டார். திரையில் அம்பு அசைந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வலது கை டிராயருக்குள் வேலை செய்தது. இடது கை திரைக்கு ஒரு அங்குலம் முன்னால் காற்றைத் தொட்டுத் தொட்டு நடித்தது. எழுத்துகளைக் கூடத் திரைக் கீபோர்டில் மவுஸாலேயே ஒவ்வொன்றாகக் குத்தினார். ஒரு சீட்டுக்கு மூன்று நிமிஷம்தான். ஆதர்ஷ் தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துத் தலையாட்டினான்.

எல்லாம் சரி, மவுஸ் டிக் டிக் என்றது. இருபது வருஷமாக அது சத்தம் போடுகிறது என்பதையே சிலாஸ் கவனித்ததில்லை. இப்போது மவுஸே இல்லாத ஆபீஸில், அந்த டிக் ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் விழுந்தது. எதிர் வரிசை ரோஸ்லின் தலையைத் தூக்கினாள். "என்ன சத்தம் அது? பல்லியா?"

சிலாஸ் இருமினார். வேறென்ன செய்ய? அதன் பிறகு ஒரு கிளிக்குக்கு ஒரு இருமல் என்று கணக்காகப் போட்டார். டபுள் கிளிக் என்றால் இரட்டை இருமல். பதினோரு மணிக்குள் தொண்டை நிஜமாகவே புண்ணாகிவிட்டது.

ரோஸ்லினுக்கு வியாதி என்றால் குலைநடுக்கம். அவள் ஒரு மாஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டியதோடு நிற்கவில்லை. நேராக ஆதர்ஷிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மதியத்துக்குள் ராகவேந்திரா வந்து சிலாஸின் திரையை அலாக்காகத் தூக்கினார். சிலாஸுக்கு உயிரே போய்விட்டது. மவுஸைப் பிடுங்கிக் கர்ச்சீப்பில் சுருட்டவும் திரை நகரவும் சரியாக இருந்தது.

"காத்தோட்டமா இருக்கட்டும்னு சின்னவர் சொன்னார் சார். அவர் ரூமுக்கு எதுக்க போடச் சொன்னார்."

புது இடம் ஆதர்ஷின் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே. அவன் தலையைத் தூக்கினால் சிலாஸின் மாஸ்க் போட்ட முகத்தில்தான் விழிக்க வேண்டும். அது போதாதென்று, புது மேஜைக்கு டிராயர் இடப்பக்கம்.

இடது கையால் மவுஸ் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அம்பு வடக்கே போகச் சொன்னால் தெற்கே போனது. சிலாஸ் கர்ச்சீப்பால் மவுஸைப் போர்த்திச் சத்தத்தை அடக்கி, இடது கையால் அதைத் தள்ளி, வலது கையால் காற்றைத் தொட்டு, கண்ணால் கண்ணாடி அறையைக் காவல் காத்து, வேர்த்து விறுவிறுத்து ஒன்பது நாள் ஓட்டினார். ராத்திரி ஜூடித் இப்போது இரண்டு தோளுக்கும் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் அந்த மேடம் வந்துவிட்டாள்.

பெயர் அஸ்வினி. கோயம்புத்தூர்ப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரி. முப்பது வயது இருக்கலாம். கையில் ஒரு நோட்டு. அன்றைக்கு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆதர்ஷோடு வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு திரையையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நாளைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன பாத்தா அப்படி?" என்றார் சிலாஸ்.

ஃபெலிக்ஸ் அக்கம்பக்கம் பார்த்தார். "விரல் ரேகைப்பா. சின்னவர்ட்ட சொன்னத நான் கேட்டேன். யாரு நெஜமா டச் பண்றாங்க, யாரு பண்ணலைன்னு ஸ்க்ரீன்ல இருக்கிற ரேகைய வெச்சே கண்டுபிடிச்சிருவாளாம். நாளைக்கு இன்னொரு தரம் பாப்பாளாம்."

சிலாஸ் மெதுவாகத் திரும்பித் தன் திரையைப் பார்த்தார். பத்து நாளாகக் காற்றை மட்டுமே தொட்ட திரை. மாஸ்க் போட்ட அவர் முகம் அதில் கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

*

மறுநாள் பதினொன்றரைக்கு எல்லாரும் டீக்குப் போன நேரத்தில், சிலாஸ் கேண்டீனிலிருந்து நாலு மிளகாய் பஜ்ஜியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். திரை கறுப்பாக இருந்தது. அணைந்திருக்கிறது என்று நினைத்தார். பஜ்ஜி எண்ணெயில் பத்து விரலையும் ஒற்றி, திரையில் மேலும் கீழும், குறுக்கும் நெடுக்கும், ஒரு மாசத்துக்கான உழைப்பை ஒரு நிமிஷத்தில் பதித்தார். உள்ளங்கையையும் இரண்டு இடத்தில் அமுக்கி வைத்தார்.

திரை அணைந்திருக்கவில்லை. தூங்கிக்கொண்டுதான் இருந்தது. முதல் விரல் பட்டதுமே விழித்துக்கொண்டது. எண்ணெய்ப் பூச்சுக்கு நடுவே எது திறக்கிறது, எது மூடுகிறது என்று சிலாஸுக்குத் தெரியவில்லை. கர்ச்சீப்பை எடுத்து ஓரத்தைத் துடைக்கப் போனார். துடைத்ததையும் அது தொட்டதாகவே எடுத்துக்கொண்டது.

சீட்டுகள் அச்சாகிற குடோன் பக்கமிருந்து ராகவேந்திரா ஓடிவந்தார். கையில் ஒரு கொத்துக் காகிதம். "என்ன சார் இது, வாரங்கல் பார்ட்டிக்கு வரிசையா சீட்டு வந்துகிட்டே இருக்கு. பதினொண்ணு வந்தாச்சு. லோடு ஏத்தவா?"

சிலாஸ் பஜ்ஜிக் காகிதத்தைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். அதற்குள் ராகவேந்திராவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு காகிதங்களை வாங்கியது. ஆதர்ஷ்.

அவன் சீட்டுகளைப் புரட்டினான். ஒவ்வொன்றின் மூலையிலும் நேரம் அச்சாகியிருந்தது. பதினொன்றும் ஒரே நிமிஷம். வேலை போய்விட்டது என்று சிலாஸ் முடிவே கட்டிவிட்டார். அபிகாயிலின் முகமும், காலேஜ் பஸ்ஸில் அவள் ஏறுவதும் கண் முன்னால் வந்தன.

"ஒன் மினிட்ல லெவன் ஸ்லிப்ஸா?" என்றான் ஆதர்ஷ். "கீபோர்டில் உங்க ரெக்கார்டு என்ன?"

"ஒ... ஒண்ணரை, சார்."

"டூப்ளிகேட்டைக் கேன்சல் பண்ணிடுங்க. பட் வாட் ஸ்பீட்." அவன் எண்ணெய் வழியும் திரையைப் பார்த்தான். பிறகு சிலாஸின் பத்து விரல்களையும் பார்த்தான். அவன் பார்வையில் இருந்தது மரியாதை என்று புரிந்துகொள்ளச் சிலாஸுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு பயம் இரண்டு மடங்கானது. இனி இதே வேகத்தை அஸ்வினி முன்னால் செய்து காட்டச் சொல்வார்களே.

*

இரண்டு மணிக்கு அஸ்வினி கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அறையில் ஒரு வெறும் மேஜை, அதன் மேல் ஒரு திரை. டிராயர் இல்லை என்பதைச் சிலாஸ் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

ரோஸ்லின் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் நாலைந்து பேர் போனார்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டே வந்து உட்கார்ந்தார்கள். ஃபெலிக்ஸ் போய் இருபது நிமிஷம் கழித்து வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் சிலாஸ்," என்றார். முகம் வெளுத்திருந்தது. "கை வலிக்குது, கழுத்து வலிக்குது, சின்னக் கட்டத்துல வெரல் வெச்சா பக்கத்துக் கட்டம் தொறக்குது, பழைய மவுஸக் குடுத்துருங்கன்னு கேட்டுட்டேன். பொய் சொல்ல வரலப்பா. அந்தோணியார் விட்ட வழி."

சிலாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷ சிநேகிதம். இப்படிக் குழியில் போய் விழுந்துவிட்டாரே என்று துக்கமாக இருந்தது.

கடைசியாகச் சிலாஸைக் கூப்பிட்டார்கள்.

"வாங்க சார், உக்காருங்க. நீங்க தமிழ்தானுங்களே?" என்றாள் அஸ்வினி. "உங்களுக்கு டெஸ்ட் எல்லாம் வேண்டாங்க. இன்னிக்கு உங்க ஸ்க்ரீனப் பாத்துட்டேன், நேத்து தொடச்சு வெச்சிருந்தீங்க போல. ஆபீஸ்லயே அவ்வளவு யூஸ் பண்ணின ஸ்க்ரீன் அது ஒண்ணுதான். ஆதர்ஷ் சாரும் காலைல நடந்ததச் சொன்னாரு."

உயிர் போய் உயிர் வந்தது. மிளகாய் பஜ்ஜியைக் கண்டுபிடித்தவனுக்கு மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார்.

"ரெண்டு மூணு கேள்விதான். மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. கை வலிக்குதுங்களா?"

"கையா? எந்தக் கைம்மா?" என்றார் சிலாஸ். இரண்டு தோளும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன.

"சில பேருக்குச் சின்ன எழுத்தத் தொடறது கஷ்டமா இருக்குதுங்க. உங்களுக்கு?"

"சேச்சே. தொட்டா தொறக்குது. விஜயவாடான்னா விஜயவாடா."

அஸ்வினி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள். நல்ல கண்கள். அப்பாவைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் சிலாஸை அதிகமாகப் பயமுறுத்தியது. பேச்சில் இழுத்துக் கவிழ்க்கிறாள் என்று உஷாரானார்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேனுங்க சார். பல வருசமா மவுஸ், கீபோர்டுல பழகினவங்க நீங்க. அது திரும்ப வந்தா நல்லா இருக்கும்னு ஒரு நாளாச்சும் தோணுச்சுங்களா? தோணியிருந்தா தயங்காம சொல்லலாம்."

சிலாஸுக்கு ஒரு வினாடி நெஞ்சு தளும்பியது. சொல்லிவிடலாம் போலிருந்தது. ஃபெலிக்ஸின் வெளுத்த முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. நோட்டீஸ் போர்டும் தெரிந்தது.

"மவுஸா?" என்று சிரித்தார். "அத எப்படிப் பிடிக்கறதுன்னே மறந்துபோச்சும்மா."

அஸ்வினி எதையோ எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு ஆதர்ஷ் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதத்தைக் குத்திவிட்டு வெளியே போனான். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஃபெலிக்ஸ்தான் போனார். போர்டின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"லிஸ்ட்டு. வெறும் பேருதான், வேற ஒண்ணும் எழுதல," என்றார். "பத்துப் பேரு. மொதல்ல என் பேரு."

"என் பேரு?"

"இல்ல சிலாஸ். ஒன் பேரு மட்டும் இல்ல."

சிலாஸ் எழுந்து போய்த் தானே பார்த்தார். மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம். இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். தன்னைச் சுற்றிப் பத்துப் பேர் இழவு வீட்டில் இருப்பது போல உட்கார்ந்திருந்ததால், சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஃபெலிக்ஸின் தோளைத் தடவினார்.

"எங்க கூட்டத்துல ஒன் பேரச் சொல்லி ஜெபம் பண்றோம்பா. உப்பல்ல என் மச்சான் இருக்கான். எதாவது வேலை கேட்டுப் பாக்கறேன்," என்றார். நிஜமான துக்கத்தோடுதான் சொன்னார்.

ஃபெலிக்ஸ் தலையாட்டினார். "நீயாச்சும் இருக்கியே, அது போதும்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சிலாஸ் தன் மேஜைக்கு வந்தார். டிராயருக்குள் கர்ச்சீப் போர்த்திய மவுஸ் கிடந்தது. கர்த்தர் இவ்வளவு தூரம் காப்பாற்றிய பிறகு, இந்தச் சாட்சியம் ஆபீஸில் இருக்கக் கூடாது. நாளைக்கு யாராவது டிராயரைத் திறந்தால் போச்சு. வயரைப் பிடுங்கிச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின் வாசலுக்குப் போனார். கழிவு ரப்பர் ஏற்றிய டிராலி ஆட்டோ கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மவுஸை ஒரு தரம் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். பிறகு ரப்பர் குவியலுக்குள் எறிந்தார். ஆட்டோ கேட்டைத் தாண்டித் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கேயே நின்று ஜூடித்துக்குப் போன் போட்டார்.

"ஜூடி, லிஸ்ட் வந்திருச்சு. என் பேர் இல்ல."

மறுமுனையில் ஜூடித் கொஞ்ச நேரம் ஸ்தோத்திரம் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னிக்குக் கூட்டத்துலயே சாட்சி சொல்லிடணும். கேசரி பண்றேன். நல்லவேளை, அந்த ஆரோன் அங்கிள் மாத்தி ஜெபிச்சப்ப நான் கண்ணத் தொறந்து திருத்துனேன். இல்லன்னா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க," என்றாள்.

"ஹவ், ஹவ்," என்று ஆமோதித்தார் சிலாஸ்.

உள்ளே வந்தபோது ராகவேந்திரா ஒரு தள்ளுவண்டியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். சிலாஸ் மனசுக்குள் எண்ணினார். பத்து. சாமான்களைக் கட்டிக்கொண்டு போகப் பெட்டி கூடக் கொடுத்து அனுப்புகிறார்கள். பேக்கிங் ஆட்களுக்கு அதுவும் இல்லை. முதல் பெட்டி ஃபெலிக்ஸின் மேஜையில் இறங்கியது. பெட்டியைத் திறக்கக் கூட ஃபெலிக்ஸுக்குத் தெம்பில்லை.

வண்டி ஒவ்வொரு மேஜையாக நின்று நின்று காலியானது. சிலாஸின் மேஜையைத் தாண்டும்போது ராகவேந்திரா நிற்கவில்லை. ஆனாலும் ஏதோ மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் பரிதாபம் இருந்ததைச் சிலாஸ் கவனித்தார். மிச்சம் ஒருவனாகத் தனியாக உட்காரப் போகிறாரே என்ற பரிதாபம் என்று எடுத்துக்கொண்டார்.

"பாவம் ராகவேந்திரா, பத்துக் குடும்பம்," என்றார் சிலாஸ், குரலை இறக்கி.

"பாவம் நீங்கதான் சார், டச் ஒத்துக்காத பத்துப் பேருக்கும் பழைய கீபோர்டையும் மவுஸையும் திருப்பிக் குடுக்கச் சொல்லித்தான் அந்த லிஸ்ட்டே, உங்க ஒருத்தர் பேரத்தான் மேடம் எழுதாம விட்டுட்டாங்க."